எமர்ஜென்சி அதிகாரம் எதுவரை? டெல்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓல்ட் ராஜிந்தர் நகரில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அரசியல் சாசனப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் வரும் கேள்விகள் ஒரு பக்கம். ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ யார் வீட்டிலாவது காபி குடிக்கும்போது, ரிட்டயர் ஆன மத்திய அரசு ஊழியர்கள் கேட்பது இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்து இங்கே எழுதியிருக்கிறேன். தேர்வுக்கு வேண்டிய பிரிவு எண்கள் இருக்கின்றன. என் அபிப்பிராயங்களும் இருக்கின்றன, அவற்றை விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

மொத்தம் எத்தனை வகை எமர்ஜென்சி?

மூன்று. 352-வது பிரிவின்படி நாடு முழுவதற்கோ ஒரு பகுதிக்கோ நெருக்கடி நிலை. 356-வது பிரிவின்படி மாநிலத்தில் ஜனாதிபதி ஆட்சி. 360-வது பிரிவின்படி நிதி நெருக்கடி நிலை. முதல் வகை மூன்று முறை அறிவிக்கப்பட்டது: 1962 அக்டோபரில் சீனப் போரின்போது, 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போரின்போது, பிறகு 1975 ஜூனில். இரண்டாம் வகை நூறு தடவையைத் தாண்டிவிட்டது. மூன்றாம் வகை இதுவரை வந்ததே இல்லை, அதை அத்தோடு விட்டுவிடுவோம்.

ஜனாதிபதி நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக அறிவித்துவிட முடியுமா சார்? 1975-ல் அப்படித்தானே நடந்தது?

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1975 ஜூன் 12-ந் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி ஜெயித்தது செல்லாது என்றார். 24-ந் தேதி உச்ச நீதிமன்றத்தில் விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக நீடிக்கலாம், எம்.பி.யாக சபையில் ஓட்டுப் போடக் கூடாது. 25-ந் தேதி மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் பெரிய கூட்டம். அன்று இரவே ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டுவிட்டார். மத்திய அமைச்சரவைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலை 6 மணிக்கு. அமைச்சரவையைக் கேட்காமலே பிரதமர் முடிவெடுக்க அலுவல் விதிகளில் ஒரு சந்து இருந்தது. அவசரமென்றால் பிரதமர் முதலில் செய்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கலாம் என்ற 12-வது விதி அது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு அமைச்சர்கூட வாய் திறக்க வாய்ப்பில்லை.

பலர் மறந்துவிடும் ஒன்று: 1971-ல் போருக்காக அறிவித்த எமர்ஜென்சி அந்த இரவு வரை ரத்தாகவே இல்லை. ஒன்று அமலில் இருக்கும்போதே 'உள்நாட்டுக் குழப்பம்' என்று காரணம் சொல்லி அதன்மேல் இன்னொன்று வந்தது. இரண்டும் ரத்தானது 1977 மார்ச்சில்.

ஐடிஓவிலிருந்து டெல்லி கேட் போகிற பகதூர் ஷா ஜஃபர் மார்க் உங்களுக்குத் தெரியும், பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் சாலை. அன்று இரவு அங்கே கரண்ட் போனது. அச்சு இயந்திரங்கள் நின்றன. கன்னாட் பிளேஸ் பக்கம் இருந்த ஓரிரு பத்திரிகைகளுக்கு மின்சாரம் வேறு நிர்வாகத்திடமிருந்து வந்ததால் அவை தப்பித்து மறுநாள் வெளிவந்தன. கரண்டை நிறுத்தச் சொன்னது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? எதுவும் இல்லை. துணைநிலை ஆளுநரின் வாய்மொழி உத்தரவு என்று, எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. எமர்ஜென்சி பற்றி வகுப்பெடுக்கும்போது நான் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான். சாசனம் கொடுத்த அதிகாரம் ஒரு அளவுக்கு. அதைச் சாக்கு வைத்து, காகிதம்கூட இல்லாமல் எடுத்துக்கொண்ட அதிகாரம் அதைவிடப் பல மடங்கு. 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்ததும், எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் இதே கணக்கில்தான் வரும். வீடு இடிக்கும் அதிகாரத்தை 352-வது பிரிவு யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்றைக்கு ஒரு பிரதமர் அதையே திரும்பச் செய்ய முடியுமா?

352-ஐ வைத்து அவ்வளவு சுலபமாக முடியாது. ஜனதா ஆட்சியில் 1978-ல் வந்த 44-வது திருத்தம் அந்த வழியை நன்றாகவே அடைத்திருக்கிறது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. ஊர்வலம், வேலைநிறுத்தம், மைதானத்தில் கூட்டம் எல்லாம் இதில் அடங்காது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் ஜனாதிபதி கையெழுத்துப் போடலாம். ஒரு மாதத்துக்குள் இரண்டு சபைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண மெஜாரிட்டி போதாது: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து ஓட்டுப் போடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே பரீட்சையை மறுபடி எழுத வேண்டும்.

வெளியே வருவதற்கு அவ்வளவு கஷ்டம் கிடையாது. மக்களவை சாதாரண மெஜாரிட்டியில் வேண்டாம் என்றால் ரத்து செய்தே ஆக வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள், அதாவது 543 பேரில் 55 பேர், எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் அதற்கென்றே சபையைக் கூட்ட வேண்டும். உள்ளே போக மூன்றில் இரண்டு, வெளியே வர பாதி. இதை வரைந்தவர்களில் பலர் ஜெயிலிலிருந்து வந்தவர்கள், அது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

அப்படியொரு அதிகாரமே இல்லாமல் விட்டிருக்கலாமே?

1962 அக்டோபரில் சீனப் படை உள்ளே வந்தபோது யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. சண்டை நவம்பரில் நின்றது. எமர்ஜென்சி நின்றது 1968 ஜனவரியில். ஒரு மாதப் போருக்கு ஐந்தே கால் வருட அதிகாரம், தடுப்புக் காவல் உட்பட. அப்போது இந்த ஆறு மாதக் கெடு கிடையாது. ஒருமுறை நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் அரசாங்கமாகப் பார்த்து எடுத்தால்தான் உண்டு.

அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இந்தப் பிரிவுகளை எதிர்த்துத் தொண்டை வறளப் பேசினார். 1975-ல் அவரும் சிறைக்குப் போனார்.

எமர்ஜென்சியில் பிடித்துப் போட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?

இப்போது போகலாம். 1976-ல் முடியாது என்று சொன்னதே உச்ச நீதிமன்றம்தான்.

விசாரணை இல்லாமலே காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 9 உயர் நீதிமன்றங்கள், காவல் உத்தரவு சட்டப்படி இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்றன. ஜபல்பூர் வழக்கு என்று எல்லோரும் சொல்லும் அந்த மேல்முறையீட்டில் 1976 ஏப்ரல் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது, 4-க்கு 1. ஏ.என்.ரே, எம்.எச்.பேக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி நால்வரும் அரசு பக்கம். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான்.

விசாரணையின்போது கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்? அதற்கும் எமர்ஜென்சி இருக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாது என்ற பொருளில் பதில் வந்தது. அரசாங்கத்தின் வாதத்தை அதன் கடைசிப் படிவரை இறக்கிக் காட்டிவிட்டார் கன்னா. அப்படியும் நான்கு பேர் மனம் மாறவில்லை. 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி கன்னாவுக்கு வர வேண்டியது. அவரைத் தாண்டி பேக்குக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கன்னாவைக் குறித்துக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் இந்தத் தீர்ப்பு இனி உதவாது என்று ஆக்கியது நீதிமன்றம் இல்லை, நாடாளுமன்றம். 44-வது திருத்தத்துக்குப் பிறகு 359-வது பிரிவை வைத்து எந்த உரிமையை நிறுத்தினாலும் 20, 21 இரண்டையும் தொட முடியாது. 21 என்றால் உயிர், தனிமனித சுதந்திரம். உச்ச நீதிமன்றம் தன் தவறை வாய்விட்டுச் சொல்லி அந்தத் தீர்ப்பைக் கவிழ்க்க 2017 ஆகஸ்ட் 24 வரை, அந்தரங்க உரிமை வழக்கு வரை, ஆனது. அதை எழுதிய டி.ஒய்.சந்திரசூட், முந்தைய நால்வரில் ஒருவரின் மகன்.

தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்தார்களே, அதற்கு இந்தப் பூட்டெல்லாம் இல்லையா?

ஆர்.கே.புரத்துப் பெரியவர்கள் எப்போதும் ஆரம்பிப்பது இங்கேதான். நம் மாநிலத்துக்கு 356-ல் நல்ல அனுபவம் உண்டு: 1976 ஜனவரி 31 கருணாநிதி ஆட்சி, 1980 பிப்ரவரி எம்.ஜி.ஆர். ஆட்சி, 1988 ஜனவரி ஜானகி ஆட்சி, 1991 ஜனவரி 30 மறுபடி கருணாநிதி ஆட்சி.

கடைசியாகச் சொன்னதைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஆளுநர் அறிக்கை அனுப்புவார், அதை வைத்துக் கலைப்பார்கள். அப்போது ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். 356-வது பிரிவில் 'ஆளுநரின் அறிக்கையிலிருந்தோ வேறுவிதமாகவோ' ஜனாதிபதி திருப்தி அடைந்தால் என்று இருக்கிறது. அந்த 'வேறுவிதமாகவோ' என்பதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் அரசு கலைத்தது. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். இதற்கு மேல் அந்த வீட்டில் காபி ஆறிவிடும், விவாதம் ஆறாது.

1994 மார்ச் 11-ந் தேதி பொம்மை வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு கடிவாளம் போட்டது. கர்நாடகத்தில் எஸ்.ஆர்.பொம்மை ஆட்சியை 1989-ல் கலைத்ததிலிருந்து கிளம்பிய வழக்கு. மெஜாரிட்டி இருக்கிறதா என்பதை ராஜ்பவன் வரவேற்பறையில் முடிவு செய்யக் கூடாது, சட்டசபையில் ஓட்டெடுத்துப் பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளும்வரை சட்டசபையைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்கலாம். காரணம் பொருத்தமில்லாதது என்றால் நீதிமன்றம் ரத்து செய்து பழைய ஆட்சியைத் திரும்ப உட்கார வைக்கலாம். 2016-ல் அருணாசலப் பிரதேசத்தில் உச்ச நீதிமன்றம் அப்படி உட்கார வைத்தது. பீகாரில் 2005-ல் சட்டசபையைக் கலைத்தது தவறு என்றும் தீர்ப்பு வந்தது, ஆனால் அதற்குள் அங்கே மறுதேர்தல் நெருங்கிவிட்டதால் பழைய சபை திரும்பவில்லை. தீர்ப்பு சரியாக இருந்தும் பலனில்லாமல் போவது இப்படித்தான்.

டெல்லியில் ஜனாதிபதி ஆட்சி வந்தால் அதுவும் 356 தானே?

இல்லை தம்பி, இது பிரிலிம்ஸ் பொறி. டெல்லிக்கு 239ஏபி. 2014 பிப்ரவரியில் கெஜ்ரிவால் ராஜினாமா செய்ததிலிருந்து 2015 பிப்ரவரி வரை அதில்தான் ஓடியது.

கொரோனா லாக்டவுன் எந்த எமர்ஜென்சியில் வந்தது?

எதிலும் இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார், நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடே அடைப்பு. நாலு நாளில் ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் நின்றதை டெல்லியில் இருந்த யாரும் மறக்க முடியாது. 1975-ல்கூட நாட்டில் எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்லவில்லை. இது 2005-ம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் போட்ட உத்தரவு, மாநிலங்கள் கூடவே 1897-ம் வருடக் கொள்ளைநோய்ச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டன. பேரிடர்ச் சட்டம் சுனாமிக்கு அடுத்த வருடம் வந்தது, வெள்ளம், பூகம்பம், புயல் மனதில் வைத்து எழுதியது. அதில் மத்திய அரசின் நிர்வாகக் குழு மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் கொடுக்கலாம் என்ற பிரிவின்மேல்தான் அவ்வளவு பெரிய உத்தரவும் நின்றது.

352-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம்? தேவையில்லை. மூன்றில் இரண்டு பங்கு? இல்லை. ஆறு மாதக் கெடு? இல்லை. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் மார்ச் 23-ந் தேதி முடிந்தது, சபை திரும்பக் கூடியது செப்டம்பர் 14-ந் தேதி. வாசல் கதவுக்கு 1978-ல் மூன்று பூட்டுப் போட்டோம், கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை.

லாக்டவுன் தேவையா இல்லையா என்று நான் சண்டைக்கு வரவில்லை. நோய் பரவும்போது அரசு வேகமாக இயங்கத்தான் வேண்டும். அந்த வேகத்துக்கு ஒரு கெடுவும், கெடு முடிந்ததும் சபையில் ஒரு ஓட்டும் இருந்திருந்தால் நோய்த் தடுப்பு எந்த விதத்திலும் கெட்டிருக்காது.

இதில் நீதிமன்றம் தெளிவாகக் கோடு போட்ட ஒரு வழக்கு உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தின் 5-வது பிரிவு 'பொது நெருக்கடி' வந்தால் தொழிற்சாலைகளுக்கு விலக்குத் தரலாம் என்கிறது. அதை வைத்து குஜராத் அரசு 2020 ஏப்ரலில், நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்று அறிவிக்கை போட்டது. அக்டோபர் 1-ந் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொற்றுநோயால் வியாபாரம் படுத்தது நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் உள்நாட்டுக் குழப்பம் ஆகாது, அந்த பாரத்தைத் தொழிலாளி தலையில் ஏற்றவும் முடியாது என்றது. ஓவர்டைம் பாக்கியையும் கொடுக்கச் சொன்னது.

பி.ஜி. ஓனர் போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம் என்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. ஆதார் நகல், போட்டோ, ஊர் முகவரி என்று அவர் நீட்டும் ஃபாரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தப் பகுதி உதவி கமிஷனர் போட்ட ஒரு உத்தரவு இருக்கும். முன்பு 144 என்று சொல்வோமே, 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 163. மீறினால் புதிய தண்டனைச் சட்டத்தின் 223-வது பிரிவில் வழக்கு. உடனடி ஆபத்து இருந்தால் அதைத் தடுக்க என்று கொடுத்த அதிகாரம் அது, அதிகபட்சம் இரண்டு மாதம்தான் நிற்கும். அடுத்த உத்தரவு வரும், அதற்கடுத்ததும் வரும், ஒரே வாசகத்தோடு. வாடகைக்கு இருப்பவரின் விவரம் போலீஸுக்கு வேண்டும் என்றால் அதற்கு ஒரு சட்டம் கொண்டுவரலாமே என்று எனக்குத் தோன்றும். வருடம் முழுக்க இருக்கும் ஒரு நடைமுறைக்கு உடனடி ஆபத்து எங்கிருந்து வந்தது?

2020 ஜனவரி 10-ந் தேதி அனுராதா பாசின் வழக்கில், காஷ்மீரில் இணையத்தை நிறுத்தியது பற்றிய தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இதையும் தொட்டது. 144 உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம். நியாயமான எதிர்ப்பை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. உத்தரவை வெளியிட வேண்டும், இல்லையென்றால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? கையில் ஒரு உத்தரவு வந்தால் எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எந்தத் தேதியோடு முடிகிறது என்று மூன்றையும் பாருங்கள். அந்த 1975 கரண்ட் உத்தரவுக்கு இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை.

அவசரச் சட்டம் என்பது எமர்ஜென்சியின்போது போடும் சட்டமா?

இல்லை. நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் 123-வது பிரிவில் ஜனாதிபதி பிறப்பிப்பது. சபை கூடியதிலிருந்து ஆறு வாரம் உயிர். நிறைவேற்றாவிட்டால் செத்துவிடும், ஆனால் திரும்பப் பிறக்க வைக்கும் வித்தை நம்மவர்களுக்குத் தெரியும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களை இப்படிப் புதுப்பித்துக்கொண்டே போனதை, புனேயில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டி.சி.வாத்வா தேடி எடுத்தார். சில 14 வருடம் வரை ஓடியிருந்தன. அவரே வழக்குப் போட்டு 1986-ல் ஜெயித்தார். 2017 ஜனவரியில் 7 நீதிபதிகள், திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது சாசனத்தின்மீது செய்யும் மோசடி என்றே எழுதினார்கள்.

அதற்குப் பிறகும் நடந்தது. குளிர்காலத்தில் காற்று மாசு கூடக் கூடக் கட்டம் கட்டமாகத் தடை போடும் கிராப் திட்டத்தில், நாலாம் கட்டம் என்று லாரியையும் கட்டட வேலையையும் நிறுத்தும் டெல்லிக் காற்றுத் தர ஆணையம் இருக்கிறதே, அது 2020 அக்டோபரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 2021 மார்ச்சில் காலாவதியாகி, ஏப்ரலில் மறுபடி அவசரச் சட்டமாக வந்து, ஆகஸ்டில்தான் முறையான சட்டமானது. காரியம் நல்ல காரியம்தான்.

இலங்கையிலும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டுமாமே, பிறகு ஏன் அவ்வளவு வருடம் நீடித்தது?

ஆமாம், அங்கே மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும், நம் ஆறு மாதத்தைவிடக் கடுமை. ஆனாலும் 1983 முதல் 2011 ஆகஸ்ட் வரை, இடையில் சில இடைவெளிகள் தவிர, எமர்ஜென்சிதான். மாதாமாதம் கை தூக்கினார்கள், அவ்வளவே. அதில் யார் அடைபட்டார்கள், யார் காணாமல் போனார்கள் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எமர்ஜென்சி போன பிறகும் 1979-ம் வருடப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. பெரிய அறிவிப்பு ரத்தானாலும் சாதாரணச் சட்டம் அதே வேலையைச் செய்யும்.

எதிர் உதாரணம் தென்கொரியா. 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். ராணுவம் நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. உறுப்பினர்கள் சிலர் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். நள்ளிரவு தாண்டி, வந்திருந்த 190 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், விடிவதற்குள் ரத்து. 2025 ஏப்ரல் 4-ந் தேதி அவரை அரசியல் சாசன நீதிமன்றம் பதவியிலிருந்தே நீக்கியது. இரண்டு நாட்டிலும் எழுத்தில் விதி இருந்தது. அந்த 190 பேரில் யூனின் சொந்தக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

44-வது திருத்தம் முழுவதும் அமலில் இருக்கிறதா?

நல்ல மாணவர்கள்கூட இதைத் தவறவிடுவார்கள். தடுப்புக் காவலுக்கான 22-வது பிரிவையும் அந்தத் திருத்தம் மாற்றியது. ஆலோசனைக் குழு பார்க்காமல் ஒருவரை மூன்று மாதம் வரை வைக்கலாம் என்று இருப்பதை இரண்டு மாதமாகக் குறைத்தது. அந்தக் குழுவை அரசு தன் இஷ்டத்துக்கு அமைக்காமல், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றது. ஆனால் இந்தப் பகுதி எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1981-ல் ஏ.கே.ராய் வழக்கில் இதைக் கட்டாயப்படுத்தச் சொல்லிக் கேட்டபோது, தேதியைக் குறி என்று அரசுக்கு உத்தரவு போட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகு காங்கிரஸ், ஜனதா தளம், பாஜக என்று எல்லாக் கட்சிகளும் டெல்லியில் ஆண்டுவிட்டன. அறிவிக்கை வரவில்லை, சாசனப் புத்தகத்தில் அந்த இடத்தில் இன்றும் மூன்று மாதம் என்றுதான் அச்சிடுகிறார்கள், அடிக்குறிப்பில் திருத்தம் பற்றிய ஒரு வரியோடு.